வக்கீல் அப்பறமுங்க மாப்ள, மொதல்ல ஒரு நோட்டு வாங்குங்க

வாங்க மாப்ள, உக்காருங்க. மோரக் குடிங்க. புளியமரத்துக்கு ஒண்ணும் ஆகலீன்னு சொன்னாங்க, கேட்டு மனசு குளுந்துதுங்க. எங்க பாட்டன் காலத்து மரமுங்க அது. அன்னையிலிருந்து ரோட்டோரமாத்தான் நிக்குது. நீங்க என்னடான்னா, "குறுக்க வந்துருச்சு"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கீங்களாமா. நம்ம தாலுக்காவுல மரம் குறுக்க வந்தது இதுதானுங்க மொதத் தடவை.

அது கெடக்கட்டும். பம்பரு தொங்குது, கதவு நசுங்கிப் போச்சு, முன்கண்ணாடி போச்சு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்னும் ஒரு போன் போடல. அதுக்குள்ள, "மாமா, ஈரோட்டுல நல்ல வக்கீலு ஆருங்க?"ன்னு கேக்கறீங்க. பொண்ணு பாக்கறதுக்கு முன்னாலயே சீமந்தத்துக்குப் பந்தல்காரனத் தேடற சோலியா இருக்குதுங்களே! வக்கீலு எங்கயும் ஓடிப் போக மாட்டாருங்க. நீங்க பெட்டிக்கடைக்குப் போயி நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. இந்தக் கேசுக்கு அதுதானுங்க பெரிய வக்கீலு.

மொதப் பக்கத்துல என்ன எழுதோணும்? கம்பெனிக்கு எந்த மணிக்குப் போன் பண்ணுனீங்க, எடுத்தவரு பேரென்ன, குடுத்த கிளெய்ம் நம்பர் என்ன. அவ்வளவுதான். நீங்க இதுவரைக்கும் ஆராருக்குப் போன் போட்டீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க பெரியப்பா பையன், டிங்கரிங் கடைக்காரன், வாட்ஸாப் குரூப்பு. குரூப்புல மட்டும் ஏழெட்டுப் பேரு கும்பிடற பொம்மை போட்டிருக்காங்களாமா. அந்தப் பொம்மையில ஒண்ணு கூட பம்பர் வாங்கித் தராதுங்க. சேதம் நடந்த ஒடனே தெரியப்படுத்தோணும்னு பாலிசியில அச்சடிச்சிருக்குது. தாமதம்ங்கற ஒரே காரணத்துக்காக நெசமான கிளெய்ம மறுக்காதீங்கன்னு இன்சூரன்ஸ் கம்பெனிகள மேய்க்கற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011-லயே எல்லாக் கம்பெனிக்கும் சுத்தறிக்கை உட்டிருக்குது, நெசந்தான். இருந்தாலும், காப்பாத்தறதுக்குச் சட்டம் இருக்குதுன்னு வேணும்னே கெணத்துல குதிக்கலாமுங்களா?

ரெண்டாவது, ஃபோட்டோ. உங்க மூஞ்சிய முன்னால வெச்சு, பின்னால காரு மங்கலாத் தெரியற மாதிரி எடுத்தீங்களே, அது ஆவாதுங்க. நம்பர் பிளேட்டு தெரியறாப்ல நாலு பக்கமும் எடுங்க. நசுங்கின எடத்தக் கிட்டப் போயி எடுங்க. அந்த மரத்தையும் ரோட்டையும் சேத்து எடுங்க.

மூணாவது, வண்டிய ஓட்டாதீங்க. "மெதுவா ஒர்க் ஷாப் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிருவேன்"னு சொன்னீங்களாமா. ரேடியேட்டரு ஒழுகறது தெரியாம ஓட்டி எஞ்சின் சூடேறிப் பழுதாச்சுன்னா, அது மரம் பண்ணுன சேதமில்லீங்க, மாப்ள பண்ணுன சேதம். சரி பண்ணறதுக்கு முன்னால ஓட்டி மேற்கொண்டு எது கெட்டாலும் உங்க பாடுன்னு பாலிசி நிபந்தனையிலயே போட்டிருக்குது. ரெக்கவரி வண்டிய வரச் சொல்லுங்க. பாலிசியில ரோட்டோர உதவி சேத்தி வாங்கியிருந்தா அதுக்குத் தனியாக் காசும் இல்லீங்க.

இதே சங்கதிதான் 2015 வெள்ளத்துலயும், 2023 டிசம்பருல மிக்ஜாம் புயல்லயும் சென்னைக்காரங்கள அழ வெச்சுது. தண்ணியில நின்ன காருக்குள்ள ஏறி, "ஸ்டார்ட் ஆகுதான்னு பாப்போம்"னு சாவியத் திருகுனாங்க. எஞ்சினுக்குள்ள தண்ணி போயி உள்ளிருக்கற கம்பியெல்லாம் வளைஞ்சு போச்சு. வெள்ளத்தால வந்த சேதத்துக்குப் பணம் உண்டுங்க. தண்ணிக்குள்ள சாவி திருகுனதால வந்ததுக்குச் சாதாரணப் பாலிசியில இல்லீன்னுட்டாங்க. அதுக்கு எஞ்சின் புரொடெக்ட்னு தனியாக் காசு கட்டியிருக்கோணும். காரு தண்ணியில நின்னா, சாவியக் கொண்டு போயி அப்பத்தாகிட்டக் குடுத்துருங்க. அது சுருக்குப் பையில போட்டா ஆருக்கும் கெடைக்காது.

போலீஸ் சங்கதி கேட்டீங்க. மரத்துல மோதி உங்க வண்டிக்கு மட்டும் சேதம்னா பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். கேக்க மாட்டாங்க. ஸ்டேஷன்ல மனுக் குடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வெச்சா நஷ்டமில்லீங்க. திருடு போனாலோ, ஆளுக்கு அடிபட்டாலோ, அடுத்தவங்க சொத்து சேதமானாலோ எஃப்.ஐ.ஆர். வேணுங்க. திருட்டுக்கு அன்னைக்கே போயிரோணும். ஒடனே எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தா, கம்பெனிக்குத் தாமதமாச் சொன்னாங்கன்னு மட்டும் காரணங்காட்டிக் கைவிரிக்கக் கூடாதுன்னு 2020-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. இன்னொண்ணுங்க. எதிர்ல வேற வண்டி இருந்து, அந்தாளு மொறைச்சான்னு, "தப்பு என்றதுதானுங்க, எல்லாம் நானே குடுத்தர்றேன்"னு எழுதிக் கிழுதிக் குடுத்துராதீங்க. கம்பெனியக் கேக்காம ஒத்துக்கறதுக்கும் வாக்குக் குடுக்கறதுக்கும் உங்களுக்கு அதிகாரமில்லீன்னு பாலிசியிலயே இருக்குது. நீங்க தாராளப் பிரபுதான், ஒத்துக்கறேன். அந்தத் தாராளத்த மொய் வெக்கறப்பக் காட்டுங்க.

இப்பக் கணக்குக்கு வாரேன். கிளெய்ம் போடலாமா வேண்டாமாங்கறதே மொதக் கணக்கு. நீங்க பழைய மாருதிய வித்தப்ப அதோட நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதத்த இந்த வண்டிக்குக் கொண்டாந்தீங்க. அந்த போனஸு வண்டிக்கில்லீங்க, வண்டிக்காரருக்கு. அந்த ஒரு காரியத்தச் சரியாப் பண்ணுனதுக்காக உங்கள ரெண்டு வருசமா மெச்சிட்டிருக்கறேன். சொந்தச் சேதத்துக்குக் கட்டற பிரீமியம், போனஸக் கழிக்காம, வருசம் 12,000 ரூபாய்னு வெச்சுக்குங்க. கிளெய்ம் போட்டா போனஸு பூச்சியம். அப்பறம் வருசா வருசம் 20, 25, 35, 45-ன்னு ஏறி மறுபடி 50-க்கு வரோணும். நீங்க இழக்கறது மொத வருசம் 6,000, அடுத்து 3,600, அதுக்கப்பறம் 3,000, 1,800, 600. கூட்டுனா 15,000 ரூபா. வண்டி மதிப்பு வருசா வருசம் எறங்கறதால கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். சுருக்கமாச் சொன்னா, ஒரு கிளெய்மோட வெல ஒண்ணேகால் வருசப் பிரீமியமுங்க. போனஸக் காப்பாத்தறதுக்குன்னு தனிக் கவரு வாங்கியிருந்தா அது வேற கதை.

போன தைப்பொங்கலுக்கு உங்க பக்கத்து வீட்டுக்காரரு 5,000 ரூபா பம்பருக்குக் கிளெய்ம் போட்டாரே, நெனப்பிருக்குதுங்களா? பிளாஸ்டிக்குல பாதி கழிஞ்சு 2,500. கட்டாயக் கழிவு 1,000 போயி கையில 1,500. அதுக்கு அவரு 15,000-த்தத் தலையச் சுத்திப் போட்டாரு. "இன்சூரன்ஸுலயே வாங்கிட்டேன்"னு பொங்கச் சோத்தோட சேத்து ஊருக்கெல்லாம் சொன்னாரு. நானும், "கெட்டிக்காரருங்க நீங்க"ன்னு சொல்லிவெச்சேன். நல்ல நாளுங்களே, கணக்குச் சொல்லி எதுக்கு அவரு மனச நோகடிக்கறது?

உங்க கணக்கு வேறங்க. வண்டிக்கு மூணு வருசம் முடிஞ்சு நாலாவது நடக்குது. கணக்குக்கு ஒரு பில்லு எடுத்துக்குவோம். பம்பரு 8,000: பிளாஸ்டிக்கு, ரப்பரு, பேட்டரி, டயரு எல்லாத்துக்கும் பாதி கழிவு, நிக்கறது 4,000. கதவு 12,000: இரும்புச் சாமானுக்கு வண்டி வயசுப்படி கழிவு, மூணுக்கு மேல நாலு வருசத்துக்குள்ள 25 சதவீதம், நிக்கறது 9,000. கண்ணாடி 10,000: கண்ணாடிக்குக் கழிவே கெடையாது, முழுசா வரும். பெயிண்ட் வேலை மொத்தமா 8,000: அதுல கால்பங்கு சாமான் செலவுன்னு எடுத்து, அதுல பாதியக் கழிப்பாங்க, ஆயிரம் போயி 7,000. கூலி 6,000: முழுசா. ஆக 44,000 பில்லுல 36,000 தேறும். 1,500 சி.சி. வரைக்கும் கட்டாயக் கழிவு 1,000, அதுக்கு மேலான வண்டிக்கு 2,000. உங்களது சின்ன எஞ்சின், அதனால கடைசியா 35,000. போனஸ்ல போற 15,000-த்த ஒதுக்குனாலும் 20,000 லாபம். போடுங்க கிளெய்ம.

"நான் கேஷ்லெஸ் பாலிசியாச்சே மாமா, 9,000 நான் எதுக்குக் குடுக்கோணும்?"னு கேப்பீங்க. கேஷ்லெஸ்ஸுன்னா கம்பெனி பங்கக் கம்பெனி நேரா ஒர்க் ஷாப்புக்குக் குடுத்துரும்னு அர்த்தமுங்க. உங்க பங்க உங்க மாமனாரு குடுப்பாருன்னு அர்த்தமில்லீங்க. அதுவும் அவங்க பட்டியல்ல இருக்கற ஒர்க் ஷாப்பா இருந்தா சுலபம். பம்பர் டு பம்பர்ங்கறாங்களே, அந்தக் கவரு வாங்கியிருந்தா சாமான் கழிவு கெடையாது. ஏஜென்ட்டு அதச் சொன்னப்ப, "எதுக்குங்க தண்டச் செலவு"ன்னு கேட்டவரு ஆருன்னு நான் சொல்ல மாட்டேன். இங்க உக்காந்து மோர் குடிச்சிட்டிருக்காரு.

அடுத்து சர்வேயரு. சேதம் 50,000-க்கு மேல போனா லைசென்ஸ் வாங்குன சர்வேயரு பாத்தே ஆகோணும். அதுக்குக் கீழன்னா கம்பெனி ஆளே வருவாரு, சில நேரம் ஃபோட்டோவே போதும்பாங்க. அவருக்குக் கூலி கம்பெனி குடுக்குது, நீங்க ஒரு பைசா குடுக்க வேண்டாமுங்க. நான் கண்ணபுரம் சந்தையில காங்கேயம் மாட்டுக்குத் தரகு பேசுனவன். மாடு வாங்க வர்றவன் பல்லப் புடிச்சுப் பாப்பான், சுழி பாப்பான், நடக்க உட்டுப் பாப்பான். அப்ப விக்கறவன் பக்கத்துல நின்னுட்டு, "ரொம்பச் சாதுங்க, எட்டு லிட்டரு கறக்குமுங்க, எங்க வீட்டு லட்சுமிங்க"ன்னு தொணதொணத்தான்னா, வாங்க வந்தவனுக்கு எதோ மறைக்கறான்னு பட்டுரும். துண்டுக்குள்ள வெரலப் புடிச்சு வெல பேசறப்ப ரெண்டு வெரலு கொறஞ்சு போகும். சர்வேயருகிட்டயும் அப்படித்தானுங்க. கேட்டதுக்கு மட்டும் பதிலு. எங்க அடி பட்டுச்சோ அதக் காட்டுங்க. மிச்சத்த அவரு பாப்பாரு. அவரு வர்றதுக்கு முன்னால எதையும் கழட்ட உடாதீங்க. கழட்டுனதுக்கப்பறம் உள்ள வேற எதாச்சும் நசுங்கியிருந்தா, அதுக்கு இன்னொரு எஸ்டிமேட்டு எழுதி, மறுபடி அவரக் கூப்புட்டுக் காட்டோணும். ஒர்க் ஷாப்காரன் போன்ல சொல்லிட்டேன்பான். நம்பாதீங்க. மெயில்ல போகோணும்.

அதே ஒர்க் ஷாப்காரன் இன்னொண்ணும் சொல்லுவான். "சார், இன்சூரன்ஸுதானுங்க, பின்னால இருக்கற பழைய டென்ட்டையும் இதுலயே சேத்திரலாம்." ரெண்டு வருசத்துக்கு முன்னால நீங்க ரிவர்ஸ் எடுக்கறப்ப மாட்டுத்தொட்டியில இடிச்சீங்களே, அந்த டென்ட்டு. அதுல துரு ஏறியிருக்குது, எங்கூட்டு எருமைக்குக் கூடத் தெரியும் அது பழசுன்னு. மரத்துல முன்னால மோதுனா பின்னால எப்பிடீங்க நசுங்கும்? அந்த 3,000 ரூபா ஆசையில, மிச்ச 35,000-மும் சந்தேகக் கணக்குக்குப் போயிரும்.

ஃபாரம் எழுதறப்பத்தான் நம்மாளுக எழுத்தாளரு ஆயிருவாங்க. வெத்து ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்தராதீங்க, நீங்களே எழுதுங்க. வீட்டுல தங்கச்சிகிட்ட என்ன சொல்லியிருக்கீங்க? நாயி குறுக்க வந்துச்சு. ஊருக்குச் சொன்னது மரம். போன்ல பேசிட்டே ஓட்டுனீங்கன்னு மரத்தடியில பூசணிக்கா வித்துட்டிருந்த அம்மா சொல்லுது. மூணு கதையில எது நெசமோ அதுதான் ஃபாரத்துக்குப் போகோணும். ஓட்டுனது ஆருங்கற எடத்துல மச்சான் பேரு எழுதற யோசனை இருந்தா இப்பவே உட்டுருங்க. உங்களுக்கு லைசென்ஸு இருக்குது, தண்ணி போடல, சொந்த போர்டு வண்டிய வாடகைக்கு உடல. பின்ன எதுக்குங்க பயம்? கவனமில்லாம ஓட்டுனதுக்குத்தானுங்க இன்சூரன்ஸே இருக்குது. எல்லாரும் கவனமா ஓட்டுனா அந்தக் கம்பெனிக்காரங்க எதுக்கு, கடைய மூடிட்டு மாடு மேய்க்கலாமே. பொய் சொன்னீங்கன்னு தெரிஞ்சாத்தான் சரியான கிளெய்மும் கெட்டுப் போகும்.

பழைய வண்டி வாங்குனவங்க ஒண்ணு கவனிக்கோணும். ஆர்.சி. புக்கு பேரு மாறுனா இன்சூரன்ஸுலயும் 14 நாளுக்குள்ள மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்துரோணும். அடுத்தவனுக்கு அடிபட்டா அந்தக் கவரு தானா மாறிக்கும். சொந்த வண்டிச் சேதத்துக்கு மாறாது. கேஸ் கிட்டு மாட்டுனாலும் அத பாலிசியில ஏத்தியிருக்கோணும்.

இப்ப நோட்டுல மூணு தேதி எழுதுங்க. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல போட்ட சுத்தறிக்கைப்படி, கிளெய்ம் சொன்ன 24 மணி நேரத்துல சர்வேயரப் போடோணும். அவரு 15 நாளுல அறிக்கை குடுக்கோணும். அறிக்கை வந்த 7 நாளுல கம்பெனி முடிவு சொல்லோணும். சர்வேயரு லேட்டுன்னு கம்பெனி கையக் காட்ட முடியாது, அறிக்கைய வாங்கறது அவங்க பொறுப்பு. தேதி தாண்டுனா நீங்க கத்த வேண்டாமுங்க. "15-வது நாளு நேத்தைக்கு முடிஞ்சுதுங்க"ன்னு ரெண்டு வரி மெயிலு. அந்த ரெண்டு வரிக்கு, கவுண்டருல மேசையத் தட்டறத விடப் பலம் சாஸ்தி.

கொறைச்சுக் குடுத்தா, சர்வே அறிக்கைய ஒரு காப்பி கேளுங்க. எந்தச் சாமானுக்கு எவ்வளவு கழிச்சாங்கன்னு நம்ம கணக்கோட ஒப்பிட்டுப் பாருங்க. மறுத்தா, எந்த நிபந்தனைப்படின்னு எழுத்துல கேளுங்க. "முழு மனதோடு இறுதியாகப் பெற்றுக்கொண்டேன்"னு ஒரு வவுச்சரு நீட்டுவாங்க. பத்தாதுன்னு பட்டா, ஆட்சேபணையோட வாங்கறேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அந்த வவுச்சருல கையெழுத்துப் போட்டதாலயே மேல கேக்கற உரிமை போயிராதுன்னு 2015-லயே சுத்தறிக்கை இருக்குது.

அப்பறம் மொதப் படி, கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துல புகாரு. அங்க சரியாகலீன்னா ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யோட பீமா பரோசாங்கற புகார் வெப்சைட்டு, இல்லீன்னா 155255-க்குப் போன். அதுக்கும் மசியலீன்னா, ஒரு மாசம் பாத்துட்டு, இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். நம்ம மாநிலத்துக்குச் சென்னையில ஆபீஸு. இருந்த எடத்துலயே ஆன்லைன்ல மனுப் போடலாம், விசாரணையக் கூட வீடியோவுல வெச்சுக்கலாம். 50 லட்சம் வரைக்கும் தீர்ப்புச் சொல்ற அதிகாரம் அவருக்கு 2023-ல இருந்து உண்டு. கம்பெனி மறுத்த ஒரு வருசத்துக்குள்ள போகோணும். கட்டணம் ஒரு பைசா கெடையாது. தீர்ப்பு வந்து 30 நாளுல கம்பெனி நடத்தலீன்னா, ஒரு நாளைக்கு 5,000 ரூபா உங்களுக்குத் தண்டம் கட்டோணும்.

இதுல ஒரு வேடிக்கை கேளுங்க. அந்த ஆம்பட்ஸ்மேன் முன்னால வக்கீல வெச்சுப் பேச முடியாது. பாலிசிக்காரரே பேசோணும். அது மட்டுமில்லீங்க, அதே சங்கதிக்குக் கோர்ட்டுலயோ நுகர்வோர் ஆணையத்துலயோ கேஸு போட்டுட்டா, ஆம்பட்ஸ்மேன் உங்க மனுவ எடுக்கவே மாட்டாரு. மொதநாளே வக்கீலப் புடிச்சு மனுத் தாக்கல் பண்ணியிருந்தீங்கன்னா, காசில்லாத கதவச் சாத்திட்டுக் காசுள்ள கதவத் தட்டியிருப்பீங்க. ஆம்பட்ஸ்மேன் சொன்னது கம்பெனியக் கட்டுப்படுத்தும். உங்களுக்குப் புடிக்கலீன்னா அதுக்கப்பறமும் நுகர்வோர் ஆணையம் இருக்குது. அங்கயும் நீங்களே வாதாடலாம். நீங்க கட்டுன பிரீமியம் 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமும் கெடையாது. ரெண்டு வருசத்துக்குள்ள போனாச் சரி.

அதுக்காக வக்கீலே வேண்டாம்னு ஊரெல்லாம் சொல்லிராதீங்க, அப்பறம் நம்ம ஒறம்பரையில இருக்கற ரெண்டு வக்கீலும் நோம்பிக்கு வர மாட்டாங்க. ஆளுக்கு அடிபட்டாலோ உயிரு போனாலோ சங்கதி மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துக்குப் போயிரும். உங்க மேல கேஸு வந்தா, சம்மன் கையில கெடைச்ச அன்னைக்கே கம்பெனிக்கு அனுப்புங்க, அவங்க வக்கீல வெச்சு நடத்துவாங்க. உங்க பக்கத்து ஆளுக்கு அடிபட்டு இழப்பீடு கேக்கோணும்னாலும், கிரிமினல் கேஸு வந்தாலும் நல்ல வக்கீலாப் பாத்துப் போங்க. அங்க போயி, "எங்க மாமன் சொன்னாரு"ன்னு நீங்களே பேசி என்னக் கெடுத்துராதீங்க. போறப்ப மறக்காம நோட்டக் கொண்டு போங்க. தேதி, பேரு, நம்பரு எல்லாம் எழுதி வெச்சிருக்கற கட்சிக்காரரக் கண்டா எந்த வக்கீலுக்கும் வேலை பாதியாக் கொறஞ்சு போகும். ஃபீஸு பாதியாக் கொறையும்னு மட்டும் நம்பிராதீங்க மாப்ள.